மூத்தவரை அழைக்க இடைத்தரகர் எதற்கு?

கேள்வி: ரொறன்ரோவில் ஒரு கல்லூரியின் பணியாளர் பிரிவில் வேலை செய்கிறேன். செப்டம்பர் 30, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள் நிகழ்வில் பேசப் பூர்வகுடி மூத்தவர் (மரபறிவுக்காகத் தம் சமூகம் மதிக்கும் பெரியவர்) ஒருவரை அழைக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். மூத்தவரை அழைத்து வருவது முதல் நில ஒப்புகை வாசகம் (இது எந்தப் பூர்வகுடிகளின் நிலம் என்று நிகழ்வில் சொல்வது) வரை மொத்தமாகப் பார்த்துக்கொள்வதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். அவரிடமே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். ஒன்ராறியோவின் பொதுக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் பூர்வகுடி மாணவர் மையம் இருக்கிறது. முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

மொத்தக் குத்தகை ஆலோசகர்கள் ஒரே வாசகத்தில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். ஆனால் ஊருக்கு ஊர் ஒப்பந்தம் வேறு. ரொறன்ரோவின் பெரும்பகுதி, பூர்வகுடிகளோடு பிரித்தானிய அரசு 1805இல் செய்த 13ஆம் ஒப்பந்தத்தின் நிலம். பிரம்டனில் உங்களுக்கு ஒரு கிளை இருந்தால் அங்கே 1818இன் 19ஆம் ஒப்பந்தம். ஏஜக்ஸில் 1923இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள். "இது எந்த ஒப்பந்த நிலம்? உங்களை எந்தச் சமூகம் தம்மவர் என்று சொல்லும்?" என்று அந்த ஆலோசகரிடம் கேளுங்கள். மழுப்பினால் வழியனுப்பிவிடுங்கள். பூர்வகுடி வேர் உண்டென்று சொல்லியே பிழைத்தவர்கள் இந்நாட்டில் உண்டு. பெயர்பெற்ற பேராசிரியர்களே அதில் அகப்பட்டிருக்கிறார்கள்.

ஒன்ராறியோப் பூர்வகுடிகளில் ஒரு பிரிவான அனிஷினாபே மக்களின் மூத்தவர் என்றால், சிறு துணியில் முடிந்த புகையிலையை நீட்டிக் கேட்பது மரபு, நாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல. வாங்கிக்கொண்டால் சம்மதம். கேட்கும்போதுதான் கொடுக்க வேண்டும், பேசி முடித்தபின் அல்ல. வருபவர் வடக்கே ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடியான இனுயிட் என்றால் புகையிலையே வேண்டாம். ஆர்க்டிக்கில் அது விளைவதில்லை. அவர்கள் மரபிலும் இல்லை. மரியாதை என்று நினைத்து எல்லோரும் இடறுவது இங்கேதான். எனவே அவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்று முன்பே விசாரியுங்கள். என்ன கொடுப்பது பொருத்தம் என்று அவரிடமே கேட்பதிலும் தவறில்லை. இனுயிட் மூத்தவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

சன்மானக் காசோலை அன்றே அவர் கைக்குப் போக வேண்டும். உங்கள் கணக்குப் பிரிவு விற்பனையாளர் பதிவுப் படிவத்தை நீட்டும்; அறுபது நாள் பொறுக்கச் சொல்லும். வயதானவரை அச்சு மை விற்கிற நிறுவனத்தோடு ஒரே வரிசையில் நிறுத்த அவர்களுக்குக் கூச்சமே இல்லை. படிவத்தை நீங்களே நிரப்பி, காசோலைக்கு இந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

2021இல் செப்டம்பர் 30 மத்திய அரசின் விடுமுறையானது முதல் எல்லா நிறுவனங்களும் அந்த ஒரு நாளுக்கே மூத்தவர்களைத் தேடுகின்றன. அவருக்கு அன்று முடியாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். நவம்பரில் ஒரு நாள் தருவாரா என்று கேளுங்கள். நிகழ்வை அப்போது வைத்துக்கொள்ளலாம்.