வெள்ளாட்டுக்குக் காய்ந்த தீவனம் போட எந்த மாதிரித் தொட்டி வாங்கலாம்?

இருபது வெள்ளாடு, பரண் கொட்டில் (தரைக்கு மேலே சந்து விட்டுப் பலகை அடித்த தளம்), கடலைக்கொடியும் சோளத்தட்டும்தான் முக்கியத் தீவனம். டிரம்மை வெட்டிப் போடலாமா, இரும்பில் அடிக்கலாமா, சிமெண்டில் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதில் செய்வது என்பது ரெண்டாவது விஷயம். ஆட்டின் கால் தீவனத்துக்குள் போகக் கூடாது, மெல்லும்போதும் தலை தொட்டிக்கு மேலேயே இருக்க வேண்டும். இந்த ரெண்டும் நடக்கிற தொட்டி எதுவோ அதுதான் நல்ல தொட்டி.

நான் காங்கேயம் பக்கம் ஆடு வைத்திருக்கிறேன். கொடி போட்டதும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆடு ஒரு வாய் இழுக்கும், நிமிரும், பக்கத்து ஆட்டை முட்டத் திரும்பும், திரும்புகிற வேகத்தில் கொடியில் ஒட்டியிருந்த காய்ந்த இலையெல்லாம் பொலபொலவென்று கொட்டி வாயில் வெறும் தண்டு மட்டும் நிற்கும். புரதம் அதிகம் இருப்பது அந்த இலையில்தான். கீழே விழுந்ததில் குளம்பு பட்டாலோ மூத்திரம் பட்டாலோ வெள்ளாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும், மாடு மாதிரி பொறுத்துக்கொண்டு தின்னாது. உங்களுடையது பரண் வேறு, விழுகிற இலை சந்து வழியே நேராகப் புழுக்கையோடு போய்ச் சேரும். முப்பது கிலோ ஆடு ஒன்று நாளைக்கு 1.2 கிலோ காய்ந்த தீவனம் தின்னும் என்று வையுங்கள், இருபது ஆட்டுக்கு இருபத்துநாலு கிலோ ஆகிறது, அதில் ஐந்தில் ஒரு பங்கு கீழே போனால்கூட வருஷத்துக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் போய்விடும். தொட்டிக்கு ஆகும் செலவை இதோடு வைத்துப் பாருங்கள்.

மாட்டில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், உலர்புல் உருளைக் கட்டுகளை நாலு வகைத் தொட்டியில் போட்டார்கள். கூம்பு வடிவத் தொட்டியில் வீணானது 3.5 சதவீதம், வளையத்தில் 6.1, டிரெய்லரில் 11.4, தொட்டில் போன்ற அமைப்பில் 14.6. தொட்டில் அமைப்பில் மாடுகள் ஒன்றையொன்று விரட்டுவதும், தலையை வெளியே எடுத்து மறுபடி நுழைப்பதும் மற்றவற்றைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. ஆட்டுக்கு அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் இலை கொட்டுகிற காரணம் அதேதான்.

அதனால் என் யோசனை, தொட்டியைக் கொட்டிலுக்கு வெளியே நடைபாதைப் பக்கம் வைத்து, ஆடு உள்ளே நின்று தலையை மட்டும் நீட்டித் தின்கிற மாதிரி செய்யுங்கள். தீவனம் போடவும் கூட்டவும் நீங்கள் உள்ளே போகவே வேண்டாம். பெரிய ஆட்டுக்கு ஆளுக்கு 40 முதல் 50 செ.மீ. இடம், தொட்டி அகலம் 50, ஆழம் 30, ஆட்டுப் பக்கச் சுவர் ஆடு நிற்கிற தளத்திலிருந்து 35 செ.மீ., இதுதான் பொதுவாகச் சொல்லும் அளவு. இருபதும் ஒரே நேரத்தில் தின்ன எட்டிலிருந்து பத்து மீட்டர் நீளம் வேண்டும். ஒரே பக்கம் அவ்வளவு இடம் இல்லை என்றால் ரெண்டு பக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், நீளத்தை மட்டும் குறைக்காதீர்கள், குறைத்தால் நோஞ்சான் ஆட்டுக்குக் கடைசியில் தண்டுதான் மிஞ்சும்.

தலை நுழைகிற சந்தில்தான் கவனம் வேண்டும். சேலம் கருப்பு, கொடி ஆடு மாதிரிக் கொம்பு உள்ள இனம் என்றால் நேர்க் கம்பி வேண்டாம், கொம்போடு நுழைந்த தலை திரும்பி வராது. சாவித் துவாரம் மாதிரி மேலே அகலமாகவும் கழுத்து நிற்கிற இடத்தில் குறுகலாகவும் பலகையிலோ தகட்டிலோ வெட்டச் சொல்லுங்கள். ஆடு தலையைத் தூக்கித்தான் வெளியே எடுக்க முடியும் என்பதால் சும்மா சும்மா எடுக்காது, வாயில் இருந்து விழுவதும் தொட்டியிலேயே விழும். வெட்டு அளவை உங்களிடம் இருக்கிற பெரிய ஆட்டின் தலையையும் கழுத்தையும் அளந்தே கொடுங்கள், வெல்டிங் பட்டறையில் கண்மதிப்பில் போட விடாதீர்கள். குட்டிகளுக்கு இது ஆகாது, தனி அறையில் தனித் தொட்டி வையுங்கள்.

உள்ளேதான் வைக்க முடியும் என்றால், கம்பிக்குக் கம்பி 5 செ.மீ. சந்து விட்ட வி வடிவச் சட்டம் போடலாம், ஆனால் அடியில் இலை பிடிக்கிற தட்டு கட்டாயம். தலைக்கு மேலே ரொம்ப உயரத்தில் மாட்டினால் தூசி கண்ணில் விழும். பழைய மீன் வலையில் கொடியைக் கட்டித் தொங்கவிடுவதைச் சில இடங்களில் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம், கொம்போ காலோ மாட்டி ராத்திரியில் ஆடு செத்துப்போகும். அகத்தி, வேப்பந்தழையைக் கத்தையாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது வேறு, அது பச்சைத் தழைக்கு அருமையான வழி.

டிரம் தாராளமாகப் போதும், முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரிந்து வாங்குங்கள், பூச்சிமருந்து டிரம் கூடவே கூடாது, வெட்டின விளிம்பில் பழைய ஹோஸ் பைப்பைக் கீறி மாட்டிவிடுங்கள், அடியில் தண்ணீர் வடிய நாலு துளை. சிமெண்ட் கட்டினால் பிறகு உயரத்தை மாற்ற முடியாது, முதல் கொட்டிலுக்கு நான் சொல்ல மாட்டேன். அப்புறம், சோளத்தட்டை முழுசாகப் போடாமல் ஒரு அங்குலத் துண்டாக வெட்டிப் போடுங்கள், முழுத் தட்டை எந்தத் தொட்டியில் போட்டாலும் இழுத்து வெளியே போட்டுவிடும்.