கோட்டைக்கு வரும் தலைவருக்குக் கறுப்புக்கொடி: எங்கே நிற்கலாம்?

கேள்வி: எங்கள் ஊரில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. அடுத்த மாதம் ஒரு முக்கிய அரசியல் தலைவர் அதைப் பார்வையிட வருகிறார். எங்கள் விளைநிலங்களைக் கையகப்படுத்தும் முடிவை எதிர்த்து, சுமார் எண்பது பேர் அன்று கறுப்புக்கொடி காட்ட நினைக்கிறோம். கல்லூரி மாணவர்களும் வருகிறார்கள். கோட்டையிலிருந்து 100 மீட்டருக்குள் நின்றாலே இரண்டு வருஷம் சிறை என்று ஒரு காவலர் சொல்கிறார். உண்மையா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உண்மை இல்லை. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம், சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடை செய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் சொல்கிறது. அந்த எல்லைகள் கட்டடம் கட்டுவதற்கும் சுரங்கம் தோண்டுவதற்கும் உரியவை. அந்த இரண்டு வருஷத் தண்டனையும் அங்கே விதி மீறிக் கட்டுபவர்களுக்குத்தான். சாலையோரம் கொடியோடு நிற்பவரை அது தொடாது.

ஆனால் கோட்டைக்குள் போவது வேறு விஷயம். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளர்கள் போல உள்ளே போய் முழக்கமிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் கூட்டம் நடத்த மத்திய அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று 1959ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. மதில்மேல் கொடி கட்டுவது, சுவரில் எழுதுவது, கல்லில் ஆணி அடிப்பது எல்லாம் சின்னத்துக்குச் சேதம் விளைவித்த குற்றமாகும். அதற்கும் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. வழக்கை விடுங்கள், அந்தக் கோட்டை உங்கள் ஊருடையது. அதற்கு ஒரு கீறல் விழுந்தாலும் உங்கள் நிலத்தைப் பற்றிய பேச்சு அன்றோடு நின்றுவிடும்.

கறுப்புக்கொடி காட்டுவது குற்றமா? இல்லை. 1958 ஜனவரியில் பிரதமர் நேரு சென்னைக்கு வந்தபோது திமுக கறுப்புக்கொடி காட்டியது. தமிழ்நாட்டு அரசியலில் இது பழகிய எதிர்ப்பு முறை. முதல்வருக்குக் கறுப்புக்கொடி காட்டியவர்கள் மீதான வழக்கை 2024இல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு பேச்சுரிமையையும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும் தருகிறது. பொது ஒழுங்கைக் காக்க நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. காவல்துறை கையில் எடுப்பது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

உங்கள் கையில் இருப்பது தேதி. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டு நாள் முன்னால் மனு கொடுப்பார்கள், முதல் நாள் இரவு நிராகரிப்புக் கடிதம் வரும், நீதிமன்றம் போக நேரமே இருக்காது. நீங்கள் இந்த வாரமே உங்கள் காவல் நிலையத்திலும் டி.எஸ்.பி. அலுவலகத்திலும் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எஸ்.பி.க்கும் ஒரு நகல் போகட்டும். நேரம், ஆள் எண்ணிக்கை, கோரிக்கை, பொறுப்பாளர்களின் பெயர், தொலைபேசி எண் எல்லாம் மனுவில் இருக்க வேண்டும். இடம் மட்டும் ஒன்றுக்கு இரண்டாகக் குறிப்பிடுங்கள்: தலைவர் வரும் சாலையிலிருந்து பார்வைபடும் தூரத்தில் ஒன்று, சற்றுத் தள்ளி மற்றொன்று. ஒலிபெருக்கிக்குத் தனியாக அனுமதி கேளுங்கள். ‘குறிப்பிட்ட தேதிக்குள் பதில் தாருங்கள்’ என்ற வரியை மறக்காதீர்கள். அந்தத் தேதி தாண்டியும் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். இத்தகைய வழக்குகளில் நீதிமன்றம் பெரும்பாலும் மாற்று இடமும் நிபந்தனைகளும் சொல்லும். கேட்ட இடம் கிடைக்கவில்லையே என்று அதை உதறிவிடாதீர்கள்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 163ஆவது பிரிவில் (பழைய 144) கூட்டம் கூடத் தடை உத்தரவு இருக்கிறது என்று வாய்மொழியாகச் சொன்னால் நகல் கேளுங்கள். அந்த உத்தரவில் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். நியாயமான எதிர்ப்பை அடக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020இல் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உத்தரவு நடைமுறையில் இருந்தால் மீறாதீர்கள். நீதிமன்றத்தில் எதிர்த்துக் கேளுங்கள்.

அன்றைக்கு வாகன வரிசையின் முன்னால் யாரும் பாயக் கூடாது. தடித்த கம்பில் கொடி கட்ட வேண்டாம், ஆயுதம் என்று எழுதிவிடுவார்கள். கறுப்பு பலூன், ட்ரோன் இரண்டும் வேண்டாம். இரண்டு பேர் தொடக்கம் முதல் முடிவு வரை காணொளி எடுக்கட்டும்.

இதையெல்லாம் செய்தும் வண்டியில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்துவிட்டு மாலையில் விடலாம். நம் ஊரில் அது வழக்கம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் ஒன்றைச் செய்யத் திட்டமிட்டு, கைது செய்தாலன்றித் தடுக்க முடியாது என்றால்தான் அதே பி.என்.எஸ்.எஸ்.ஸின் 170ஆவது பிரிவில் முன்னெச்சரிக்கைக் கைது செய்யலாம். அதுவும் 24 மணி நேரத்துக்கு மேல் கூடாது. கைதுக்கான காரணத்தைக் கேட்கவும், உறவினருக்குத் தகவல் சொல்லவும், வழக்கறிஞரைப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. முதல் நாளே வீட்டு வாசலில் காவலரை நிறுத்தி ‘வெளியே போகாதே’ என்றால், எந்த உத்தரவின்படி என்று எழுதிக் கேளுங்கள்.

மாணவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அரசு வேலைக்கான காவல் விசாரணையில் நிலுவை வழக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டும் சிக்கலாகும். அதனால் மனுவில் பொறுப்பாளராக மாணவர் பெயரைப் போடாதீர்கள். வழக்குப் பதிந்தால் எஃப்.ஐ.ஆர். நகலை உடனே வாங்கிப் பிரிவுகளைப் பாருங்கள். உத்தரவை மீறியதாகச் சொல்லும், புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 223ஆவது பிரிவு (பழைய 188) மட்டும் இருந்தால், சம்பந்தப்பட்ட அரசு ஊழியரே நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். போலீசார் தாங்களே எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று 2018இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலோடு ரத்து மனு போடலாம்.

கையகப்படுத்தும் அறிவிப்புக்கு ஆட்சேபம் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. அதற்குக் கெடு உண்டு. கொடி காட்டியதால் அது நீளாது. கொடுக்கவில்லை என்றால், அறிவிப்பு நகலோடு நாளைக்கே ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள்.