மகன் பைலட்டாக வேண்டும் என்கிறான்: காணி உறுதியை எடுப்பதற்கு முன்

அண்ணன்,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகனின் பைலட் படிப்பைப் பற்றிய பேச்சு பாதியில் நின்றுபோனது. வெளியே பெஞ்சில் நாலைந்து பிள்ளைகள் காத்திருந்தார்கள். நீங்களும் வயலுக்குத் திரும்ப வேண்டும் என்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். மிச்சத்தை எழுதி அனுப்புகிறேன் என்றேன். இதே கேள்வியோடு மட்டக்களப்பில் வேறு பெற்றோரும் வருகிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்று உங்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். படுவான்கரை என்பதோடு நிற்கட்டும்.

அக்கா கேட்டது, "பைலட்மார் நித்திரை இல்லாம ஓட்டுறாங்களாமே, மெய்தானா சேர்?" நீங்கள் கேட்டது, "காணிய ஈடு வெச்சா படிப்புச் செலவு கட்டுமா?" இரண்டும் வேறு வேறு கேள்வி மாதிரித்தான் அன்று எனக்கும் பட்டது. நீங்கள் போனபிறகு யோசித்தேன். இரண்டும் ஒரே கேள்விதான். அதைத்தான் சொல்லப் போகிறேன், கொஞ்சம் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி அன்று சொன்னது நினைவிருக்கிறதா? "நான் ரெண்டு நாள் எண்டாலும் முழிச்சிருப்பன் சேர். பிளேன்ரீ இருந்தாக் காணும்." ஏ.எல். படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். இரண்டு மணிவரை விளக்கு எரிந்தால் நல்ல பிள்ளை என்று நாமும் பழக்கி வைத்திருக்கிறோம். அதற்கு நீங்கள் தம்பியைப் பார்க்காமலே ஒரு கதை சொன்னீர்கள். யானைக் காவலுக்குப் பரணில் இருந்த இரவு. டோர்ச் கையில், வெடி பக்கத்தில், மூன்று மணிவரை கண் மூடவில்லை. "நித்திர வந்ததே தெரியல்ல சேர். விடியப் பாத்தா வரம்பு முழுக்கக் காலடி." முழித்திருந்ததாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன் என்றும் சொன்னீர்கள்.

விமானத்துறை வைத்தியர்கள் பக்கம் பக்கமாக எழுதுவது இதைத்தான். நித்திரை குறைந்தவனுக்குத் தன் நித்திரை எவ்வளவு குறைந்தது என்பதை அளக்கிற புத்தியும் சேர்ந்தே மங்கிவிடும். இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை உடம்பின் கடிகாரம் அடிமட்டத்துக்குப் போகிறது. பழக்கத்தால் அதை வெல்ல முடியாது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் இருப்பவரின் அளவுக்குத் தடுமாறும் என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பல நாடுகளில் அந்த அளவோடு கார் ஓட்டினாலே பொலிஸ் பிடிக்கும். காலை ஆறுக்கு எழும்பியவனுக்கு இரவு பதினொன்றுக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது, எண்ணிப் பாருங்கள்.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் விடியற்காலையில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் தப்பினார்கள். விசாரணையில் விமானியறை ஒலிப்பதிவைக் கேட்டபோது, பதிவின் பெரும்பகுதியில் கப்டன் நித்திரையில் இருந்தது தெரிந்தது, குறட்டைச் சத்தமும் கேட்டது. இறங்குகிற நேரத்துக்கு எழும்பினார், ஆனால் முழுதாக விழிக்கவில்லை. ஆழ்ந்த நித்திரையிலிருந்து சட்டென்று எழும்பினால் சில நிமிடங்கள் ஆள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நிற்பாரே, அந்த மயக்கம். இறங்க வேண்டாம், திரும்ப மேலே எழுப்புங்கள் என்று துணை விமானி சொல்லிக்கொண்டே இருந்ததும் பதிவில் இருக்கிறது. கப்டன் கேட்கவில்லை. அனுபவம் குறைந்தவர் அல்ல அவர், பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்.

சரி, கம்பனிகள் ஏன் இப்படி வேலை கொடுக்கின்றன என்று அக்கா கேட்பார். இதற்கு ரோஸ்டர் என்ற தாளைப் புரிந்துகொள்ள வேண்டும். யார், எந்த நாள், எந்த விமானம், எங்கே தங்குவது என்று மாதா மாதம் வரும் அட்டவணை அது. விமானிக்கு 28 நாளில் 100 மணி நேரத்துக்கு மேல் பறப்பு இல்லை என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள விதி. வருடக் கணக்கில் பார்த்தால் அமெரிக்காவில் 365 நாளில் 1000 மணி, ஐரோப்பாவில் ஒரு நாட்காட்டி வருடத்தில் 900. இதைக் கேட்டதும் "மாசத்தில நூறு மணித்தியாலமா? இது அரசாங்க உத்தியோகத்த விடச் சுகமே" என்று தம்பி சிரித்தான். விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரைதான் அந்தக் கணக்கில் வரும், தம்பிக்கு அதைச் சொல்லுங்கள்.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இரவு ஒரு மணிக்கு ஆஜர். இரண்டு மணிக்குப் புறப்பாடு, வளைகுடாவுக்கு நாலேகால் மணி நேரம். அங்கே ஒரு மணி நேரம் நின்று, ஆட்களை ஏற்றி, அதே நாலேகால் மணி நேரம் திரும்பி வந்து இறங்கும்போது காலை பதினொன்றரை. பறந்தது எட்டரை மணி, வேலையில் இருந்தது பத்தரை மணி. அந்த ஒரு மணி ஆஜருக்கு முந்தின நாள் மாலையிலேயே படுக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு யாருக்கு நித்திரை வரும்? வீடு போய்ச் சேர மதியம் ஒன்றரை. வெயில், பக்கத்து வீட்டு ரேடியோ, மீன் வண்டி ஹோர்ன். மற்ற நாள் அதிகாலை ஐந்து மணி ஆஜர். அதற்கடுத்த நாள் வீட்டில் இருந்தபடி ஸ்டாண்ட்பை. போன் அடித்தால் போக வேண்டும், அடிக்காவிட்டாலும் நித்திரை வராது.

வெளிநாடு போகிற பிள்ளையை வழியனுப்ப நம் ஆட்கள் மத்தியானமே வேன் பிடித்துக் கட்டுநாயக்கா போகிறோமே, நடுச்சாமத்தில் அங்கே திருவிழாக் கூட்டம் நிற்குமே, அந்த விமானங்கள் எல்லாவற்றையும் யாரோ ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பல கம்பனிகளில் மூப்பு வரிசைப்படிதான் விருப்பம் கேட்பார்கள். புதிதாகச் சேர்ந்தவனுக்கு மற்றவர்கள் தள்ளிவிட்ட இரவுகள் கிடைக்கும். சித்திரை வருசப்பிறப்புக்கு வருவான், அறுவடைக்கு வருவான் என்று முதல் சில வருடங்களுக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

விதிகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, அவ்வப்போது இறுகவும் செய்கின்றன. ஆனால் விதி சொல்வது உச்சவரம்பை. ஆள் பற்றாக்குறையான கம்பனி அந்த வரம்பையே இலக்காக வைத்து ரோஸ்டர் போடும். இந்தியாவில் வாராந்த ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கி, இரவுத் தரையிறக்கங்களையும் குறைத்துப் புது விதி கொண்டுவந்தார்கள். அதன் இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் முதல் வாரத்திலேயே இண்டிகோ கம்பனியின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகின, பயணிகள் விமான நிலையங்களில் பெட்டிகளின் மேலே படுத்துக் கிடந்தார்கள். விமானிகள் விதிப்படி ஓய்வெடுத்துத் தூங்கப் போனால் ஓட்ட ஆள் இல்லை என்பதுதான் விஷயம். கடைசியில் அரசு அந்தக் கம்பனிக்கு விதியைத் தற்காலிகமாகத் தளர்த்திக் கொடுத்தது. இன்னொன்றும் உண்டு, எனக்கு இன்றைக்கும் விளங்காதது: அமெரிக்காவின் கடுமையான ஓய்வு விதி பயணிகள் விமானத்துக்கு மட்டும்தான், சரக்கு விமானத்துக்குக் கட்டாயமில்லை. பெட்டி ஏற்றுகிறவனுக்கு நித்திரை வராது போல.

அந்த அமெரிக்க விதி எப்படி வந்தது என்பதில்தான் உங்கள் காணி வருகிறது, அண்ணன்.

2009 பெப்ரவரி 12 இரவு, நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கொல்கன் எயார் என்ற சிறு கம்பனியின் விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் 49 பேரும் வீட்டில் ஒருவரும், மொத்தம் 50 உயிர். துணை விமானி இளம் பெண், சம்பளம் மிகக் குறைவு. வேலை செய்யும் இடத்தில் வாடகைக்கு இருக்கக் கட்டாமல் நாட்டின் அடுத்த கரையில், சியாட்டில் பக்கம், பெற்றோரோடு இருந்தார். முந்தின இரவு முழுக்கச் சரக்கு விமானத்தில் ஒண்டிக்கொண்டு நியூவர்க் விமான நிலையத்துக்கு வந்தார். கப்டனும் முந்தின இரவைப் பணியாளர் ஓய்வறையில் கழித்தவர். அந்தப் பெண்ணுக்குத் தடிமன் வேறு. வீட்டில் இருந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன், இப்போது சுகமில்லை என்று சொன்னால் ஹொட்டேலுக்குக் கைக்காசு கொடுக்க வேண்டுமே என்று அவர் கப்டனிடம் சொல்வது ஒலிப்பதிவில் கேட்கிறது. விபத்துக்கு முதல் காரணம் கப்டன் விமானத்தைக் கையாண்ட விதம். ஆனால் களைத்துப்போன இரண்டு பேர் அங்கே எப்படி வந்து உட்கார்ந்தார்கள் என்ற கேள்விதான் சட்டத்தை மாற்றியது. 2014 ஜனவரியிலிருந்து வேலைக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதற்குள் தடையில்லாமல் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு, ஒவ்வொரு பறப்புக்கும் முன் "நான் தகுதியாக இருக்கிறேன்" என்று விமானியே உறுதிப்படுத்துவது எல்லாம் வந்தன.

அந்த உறுதிமொழிதான் முழு விஷயமும். தகுதி இல்லை என்று சொல்ல வாய் வர வேண்டும். கடனோடு இருப்பவனுக்கு அது வராது. என்னிடம் படித்த ஒருவன் இப்போது வெளிநாட்டுக் கம்பனியொன்றில் ஓட்டுகிறான். பெயரும் கம்பனியும் வேண்டாம். போன வருடம் ஹொட்டேல் அறையிலிருந்து போன் எடுத்தான். அங்கே இரவு மூன்று மணி, நித்திரை பிடிக்கவில்லை. "களைப்பு எண்டு ஒரு நாளாவது சொல்லியிருக்கிறாயா?" என்று கேட்டேன். "சொல்லலாம் சேர், போர்ம் இருக்கு. ஆனா பயிற்சிக் காசுக்கு கம்பனியோட பொண்ட் இருக்கு. வீட்டில அம்மாட நகை இன்னும் பாங்கிலதான்" என்றான். பொண்ட் என்றால் அந்தக் காசுக்காகக் கம்பனியோடு கட்டுப்பட்டிருக்கும் ஒப்பந்தம். அந்த போர்மை அவன் இதுவரை நிரப்பியதில்லை.

ஆகவே காணியைப் பற்றிய என் பதில்: குடும்பத்தின் ஒரே வயலை ஈடு வைத்து இந்தப் படிப்பைத் தொடங்காதீர்கள். வணிக விமானி உரிமத்துக்குப் பொதுவாக 200 மணி நேரப் பறப்பு வேண்டும். செலவைக் கோடிக் கணக்கில்தான் யோசிக்க வேண்டும். உரிமம் கையில் வந்ததும் வேலை வந்துவிடாது. குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சி தனி, அதற்கும் காசு. வேலைக்காகக் காத்திருக்கும் வருடங்களில் வங்கி காத்திருக்காது. வெள்ளத்தில் ஒரு போகம் போனால் அடுத்த போகத்தில் பிடிக்கலாம், வயலே போனால் எதில் பிடிப்பது? ஏதாவது விற்றுக் கட்டலாம் என்றால் வீட்டு வருமானத்தைத் தொடாத சொத்தாக இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் தம்பி முதலில் வேறு தொழிலில் சம்பாதித்து, இருபத்தைந்து வயதில் பறக்கத் தொடங்கலாம். உரிமத்துக்குக் குறைந்த வயது 18 தானே தவிர, அதற்குள் முடித்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பெரிய விமானங்களை 65 வயதுவரை ஓட்ட விடுகிறார்கள், காலம் இருக்கிறது.

வேலை கிடைத்தபின்னும் நம் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு சிக்கல். திமிலைதீவில் விமான நிலையம் இருக்கிறது, 2018இல் சிவில் விமானங்களுக்கும் திறந்தார்கள். ஆனால் வேலை கட்டுநாயக்காவில். இங்கிருந்து 300 கிலோமீற்றர் வரும். லீவு முடிந்து நைட் பஸ்ஸில் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் விடியற்காலையில் இறங்கி, முகம் கழுவி, சீருடை போட்டுக்கொண்டு விமானம் ஏறினால், அது சியாட்டிலிலிருந்து வந்த பிள்ளை செய்ததேதான். நீர்கொழும்புப் பக்கம் ஓர் அறை வாடகையும், வேலைக்கு ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேரும் பழக்கமும் செலவுக் கணக்கில் முதலிலேயே இருக்க வேண்டும்.

பராமரிப்புப் பொறியியல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று வேறு வாசல்களும் உண்டு. அங்கேயும் இரவு முறை வேலைதான், நித்திரைக்குப் பயந்து அந்தப் பக்கம் போவதில் அர்த்தமில்லை. விருப்பம் இருந்தால் போகட்டும்.

தம்பிக்கு ஒரு வேலை கொடுங்கள். இந்தக் காவல் காலத்தில் உங்களோடு பரணுக்குக் கூட்டிப் போங்கள், ஆனால் முழித்திருக்கிற போட்டிக்கு அல்ல. காவல் முடிந்து பகலில் படுத்தால் எத்தனை மணி நேரம் உண்மையாக நித்திரை வருகிறது, எழும்பியபின் எப்படி இருக்கிறான் என்று ஒரு கொப்பியில் மூன்று கிழமை எழுதட்டும். "அப்பா, இண்டைக்கு என்னால ஏலாது" என்று ஒரு நாளாவது சொல்லி, நீங்கள் ஏசாமல் சரி என்கிறீர்களா என்றும் பார்க்கட்டும். நான் அதிகம் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

அப்புறம் அவன் கதவருகில் நின்று கேட்ட கண்ணாடி விஷயம். கண்ணாடி போட்டவர்கள் விமானியாகலாம், திருத்திய பார்வை அளவுக்குள் இருந்தால் போதும். நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தால்தான் பெரிய சிக்கல். முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை என்று ஒன்று உண்டு, சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த வைத்தியரிடம் செய்ய வேண்டும். பறப்புப் பள்ளிக்கு ஒரு சதம் கட்டுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். குறட்டை விடுவானா என்று கேட்டால் மறைக்க வேண்டாம், நித்திரையில் மூச்சுத் தடைப்படுகிறதா என்று பார்க்கத்தான் கேட்பார்கள்.

அறுவடை முடிந்து வாருங்கள். கொப்பியை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். காணி உறுதி பெட்டியிலேயே இருக்கட்டும்.