ஜூன் மாதம் அப்பா, அம்மாவுடன் நாலு நாள் பெர்லின் போகிறோம். முன்கூட்டியே என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

பெற்றோர் இருவருக்கும் எழுபதை நெருங்கும் வயது, முதல் ஐரோப்பியப் பயணம், பார்க்க வேண்டிய இடங்கள் என்று நீளமான பட்டியல். கேள்வியில் இதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நான் பெர்லினில் குடியிருப்பவன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் சொல்வதையே உங்களிடமும் சொல்கிறேன்: அந்தப் பட்டியலைப் பாதியாகக் குறையுங்கள். பெர்லின் பரந்து கிடக்கும் ஊர். வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் இரண்டு இடங்களுக்கு நடுவே பெரியவர்கள் களைத்துப்போவார்கள்.

முதலில் டிக்கெட். ஊபான், எஸ்பான் என்று இரண்டு வகை நகர ரயில்கள், டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்தான். நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். ஆனால் சாதாரண உடையில் நம்மோடு ஏறும் பரிசோதகர்கள் கதவு மூடியதும் தங்கள் அடையாள அட்டையை எடுத்துக் காட்டி டிக்கெட் கேட்பார்கள். டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ அபராதம். காகித டிக்கெட்டில் நாளும் நேரமும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நடைமேடையில் நிற்கும் சின்னப் பெட்டியில் செருகி அச்சடித்துக்கொள்ள வேண்டும். அச்சடிக்காத டிக்கெட் செல்லாது. வெளியூர்க்காரர்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். ஆப்பில் வாங்கினால் இந்த வேலை இல்லை, ஆனால் ரயிலில் ஏறுவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

டிக்கெட்டுக்காக ஊரை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஊருக்குள் சுற்ற ஏபி மண்டல டிக்கெட் போதும். விமான நிலையம் சி மண்டலத்தில் இருப்பதால் வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் ஏபிசி வாங்குங்கள். 5 பேர் வரை சேர்ந்து போக 24 மணி நேரக் குழு டிக்கெட் உண்டு. நாலு பேராக வந்தால் ஆளுக்கொன்று வாங்குவதைவிட அது லாபமா என்று கணக்குப் பாருங்கள்.

எல்லா ஊபான் நிலையத்திலும் லிஃப்ட் கிடையாது, இருப்பதும் சில நாள் பழுதாகிக் கிடக்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு பஸ்தான் உத்தமம். முதல் நாள் ஸூ நிலையத்தில் 100ஆம் எண் பஸ்ஸில் ஏறி அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் வரை போய் வாருங்கள். வெற்றித் தூண், குடியரசுத் தலைவர் மாளிகை, நாடாளுமன்றம், அருங்காட்சியகத் தீவு எல்லாம் உட்கார்ந்தபடியே வரும். இரண்டு பெர்லின்களும் இணைந்த 1990இல் தொடங்கிய தடம் இது. தனியாகச் சுற்றுலா பஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

நாடாளுமன்றக் கட்டடத்தின் மேலிருக்கும் கண்ணாடிக் குவிமாடத்துக்கு அனுமதி இலவசம். ஆனால் நாடாளுமன்ற இணையதளத்தில் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும். ஜூனில் சீக்கிரம் நிரம்பிவிடும், இப்போதே பதியுங்கள். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மேலே போக லிஃப்ட் உண்டு, உள்ளே சுற்றி ஏறுவது படியில்லாத சாய்தளம், அதனால் அம்மாவும் தைரியமாக ஏறலாம்.

ஞாயிறன்று கடைகள் மூடிவிடும், சூப்பர்மார்க்கெட்டும் சேர்த்துத்தான். பாலும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். அவசரமென்றால் தலைமை ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும். திங்களன்று பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. பெர்கமோன் அருங்காட்சியகத்தை 2023 அக்டோபரில் புதுப்பிப்புக்காக முழுவதும் மூடினார்கள், திறந்துவிட்டார்களா என்று பார்க்காமல் கிளம்ப வேண்டாம். பக்கத்து நோயஸ் அருங்காட்சியகத்தில் எகிப்திய அரசி நெஃபர்டீட்டியின் சிலை இருக்கிறது, அது ஒன்றுக்காகவே போகலாம்.

பெர்லின் சுவரைப் பார்க்க எல்லோரும் செக்பாயிண்ட் சார்லி என்ற பழைய எல்லைச் சாவடிக்கு ஓடுகிறார்கள். அங்கே நிற்கும் காவல் கூண்டு மாதிரிக்குச் செய்து வைத்தது. அந்த நேரத்தை பெர்னவர் ஸ்ட்ராசெ என்ற தெருவில் இருக்கும் சுவர் நினைவிடத்துக்குக் கொடுங்கள், ஒரு முழுக் காலையையே கொடுங்கள். கட்டணம் இல்லை. 1961 ஆகஸ்டில் சுவர் எழுந்தபோது அந்தத் தெருவின் ஒரு பக்க வீடுகள் கிழக்கு பெர்லினில் இருந்தன, வாசலுக்கு வெளியே இருந்த நடைபாதை மேற்கு பெர்லினுக்குச் சொந்தம். வாசலை அடைத்ததும் மக்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். அப்படிக் குதித்து இறந்தவர்களும் உண்டு. பிறகு ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்தார்கள். இன்று சுவர் இடிந்துபோன இடமெல்லாம் துருப்பிடித்த இரும்புக் கம்பிகளை நட்டு வைத்திருக்கிறார்கள். நேராகப் பார்த்தால் கம்பிகளுக்கு நடுவே எதிர்ப்பக்கம் தெரியும், சாய்வாகப் பார்த்தால் அடர்ந்து மீண்டும் சுவராகிவிடும். எதிரே உள்ள ஆவண மையத்தின் மாடிக்குப் போனால் இரண்டு சுவர்கள், நடுவில் வெறும் தரை, காவல் கோபுரம் என்று அன்றிருந்த அமைப்பை மேலிருந்து முழுதாகப் பார்க்கலாம். மையத்துக்குத் திங்கள் விடுமுறை.

ஃப்ரீட்ரிக் ஸ்ட்ராசெ நிலையத்தின் பக்கத்தில் ‘கண்ணீர் மாளிகை’ இருக்கிறது. மேற்கிலிருந்து வந்த உறவினர்களைக் கிழக்கில் இருந்தவர்கள் வழியனுப்பி நின்ற எல்லைச் சாவடி அது. இதற்கும் கட்டணம் இல்லை. நமக்கும் அந்த நிலையத்தோடு தொடர்பு உண்டு. எண்பதுகளில் இலங்கையிலிருந்து உயிர்தப்பி வந்த தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இதே நிலையம் வழியாகத்தான் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தார்கள். இதை உங்கள் அப்பா அம்மாவுக்கு அங்கே வைத்துச் சொல்லுங்கள். ஈழத்தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோவில் பிரிட்ஸ் பகுதியில் இருக்கிறது. ஊ7 ரயிலில் பிளாஷ்கோஅலே நிலையத்தில் இறங்குங்கள். நடை திறந்திருக்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், சைவம் எங்கும் கிடைக்கும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். கடையில் பாட்டில் வாங்கினால் பெரும்பாலும் 25 சென்ட் வைப்புத்தொகை சேர்த்து வாங்குவார்கள், காலி பாட்டிலை சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். சின்னக் கடைகளில் நம் ஊர் கார்டு எடுக்காமல் போகலாம், கழிப்பறைக்குச் சில்லறை வேண்டியிருக்கும், அதனால் நூறு யூரோவாவது பணமாக வையுங்கள். நடைபாதையை ஒட்டி ஓடும் செந்நிறப் பாதை சைக்கிளுக்கானது. வேகமாக வருவார்கள், பெற்றோரை அதில் நிற்க விடாதீர்கள்.

ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். மதியம் அறைக்குத் திரும்பித் தூங்கி எழுந்து ஐந்து மணிக்கு மறுபடி கிளம்பினாலும் பொழுது மிச்சமிருக்கும். பெரியவர்களுக்கு இதுதான் ஒத்துவரும். அவர்களுடைய மருந்துகளைப் பயணம் முழுவதற்கும் சேர்த்து, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பாரசிட்டமால்கூட சிவப்பு ‘ஏ’ எழுத்துப் பலகை போட்ட மருந்துக் கடையில்தான் கேட்க வேண்டும். இரவிலும் ஞாயிறிலும் எந்தக் கடை திறந்திருக்கும் என்று மூடிய கடையின் கதவிலேயே எழுதியிருக்கும். அவசர மருத்துவ உதவிக்கு 112.