‘மடல் வெளியாகிவிட்டது’ என்று எழுதாதீர்கள்

கேள்வி: காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வருகிறவர்களுக்காக, எந்த மீனை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி ஆய்ந்து சமைப்பது என்று வெள்ளிதோறும் மின்னஞ்சலில் ஒரு மடல் அனுப்புகிறேன். எக்ஸ் தளத்தில் தவறாமல் பதிவிட்டும் சந்தாதாரர்கள் கூடவில்லை. என்ன செய்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய பத்துப் பதிவுகளையும் படித்தேன். அவற்றில் ஒன்பது, ‘இந்த வார மடல் வெளியாகிவிட்டது, மீன் பிரியர்கள் படித்துப் பயன்பெறலாம்’ என்ற ஒரே அறிவிப்பின் மாற்று வடிவங்களாகவே இருக்கின்றன. உங்களை ஏற்கெனவே அறிந்தவருக்கு அது போதும். அறியாதவருக்கு அதில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. கூடையை மூடி வைத்துக்கொண்டு ‘நல்ல மீன் இருக்கிறது’ என்று சொல்பவரிடம் உங்கள் ஊரில் யாரும் நிற்க மாட்டார்கள்.

ஆகவே, மடலிலிருந்து ஒரே ஒரு செய்தியை எடுத்து, மடலைத் திறக்காதவருக்கும் முழுமையாகப் பயன்படும்படி பதிவிலேயே கொடுத்துவிடுங்கள். அதையடுத்து எழும் கேள்வியை மட்டும் மடலுக்கு விட்டுவையுங்கள். தடைக்காலம் பற்றிய உங்கள் மடலைக் கொண்டு நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. ஆனாலும் காசிமேட்டில் நாட்டுப்படகு மீன் வருகிறது. செவுளைத் தூக்கிப் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் புதிது, பழுப்பேறியிருந்தால் நாள்பட்டது. நிறம் பூசிய செவுளைக் கண்டுபிடிக்கும் வழி, வெள்ளிக்கிழமை மடலில்.’

செவுள் பற்றிய குறிப்பு படிப்பவருக்கு அன்றைக்கே உதவுகிறது. அது உதவியதால்தான் அவர் கடைசி வரியை நம்புகிறார். சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தி ‘மீதியை மடலில் காண்க’ என்று எழுதுவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் ஏமாந்ததாக நினைப்பவர் முகவரி தர மாட்டார்.

தமிழில் எழுதுபவருக்கு இடப்பற்றாக்குறை இன்னும் கடுமையானது. ‘காசிமேடு’ நமக்கு நான்கு எழுத்து; எக்ஸ் தளத்துக்கு எட்டு, ஏனென்றால் துணைக்காலையும் கொம்பையும் புள்ளியையும்கூட அது தனித்தனியாக எண்ணுகிறது. கட்டணமில்லாக் கணக்கின் வரம்பு 280. இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்கு 23 போய்விடும். மேலே உள்ள பதிவு இணைப்போடு சேர்த்தும் அந்த வரம்புக்குள் அடங்குகிறது. ‘பயனுள்ள’, ‘சுவையான’ போன்ற அடைமொழிகளை நீக்கினாலே ஒரு முழு வாக்கியத்துக்கு இடம் கிடைக்கும்.

அந்த இணைப்பு பழைய மடலுக்குப் போகாமல் நேராகச் சந்தாப் படிவத்துக்குப் போகட்டும். படிவமும் மின்னஞ்சல் முகவரியைத் தவிர வேறெதையும் கேட்க வேண்டாம். இன்ஸ்டாகிராமிலும் பதிவிடுவதாக இருந்தால், பதிவுக்குக் கீழே எழுதும் இணைப்பைத் தொட்டால் திறக்காது என்பதால், அதை உங்கள் புரொஃபைலில் வையுங்கள்.

இவை அனைத்தையும்விட முக்கியமாக நான் கருதுவது கிழமை. மடல் போன பிறகு வெள்ளி மாலையில் நீங்கள் அறிவிக்கும்போது, அன்று சேர்கிறவர் தன் முதல் மடலுக்கு ஒரு வாரம் காத்திருக்க நேர்கிறது, அதற்குள் உங்களை மறந்தும் விடுகிறார். புதன் அல்லது வியாழன் பதிவிட்டால் அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ மடல் கைக்கு வந்துவிடும்.

மீதமுள்ள ஒரு பதிவு மிக நன்றாக இருந்தது: கானாங்கெளுத்திக் குழம்பில் மாங்காய் பாதி வெந்த பிறகே மீனைப் போட வேண்டும் என்று இரண்டே வரியில் எழுதியிருந்தீர்கள். அதில் இணைப்பே இல்லை. வரும் புதன்கிழமை அதையே சந்தாப் படிவத்தின் இணைப்போடு மீண்டும் பதிவிடுங்கள்.