யாருக்காக அந்த வழிபாடு?

அன்புள்ள ஐயா,

என் அப்பா ராணுவத்தில் கர்னலாக ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் சீக்கிய வீரர்களுடன் இருந்தார். நான் பிறந்தபோது சியாச்சினில் இருந்தாராம். வருடத்துக்கு 60 நாள் விடுப்பு. அதுவும் பாதியில் அழைப்பு வந்தால் போய்விடுவார். உறவினர்கள் எல்லாரும் 'எவ்வளவு பெரிய தியாகம்' என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. இப்போது வீட்டிலேயே இருக்கிறார், ஆனால் பேசுவதில்லை. விடியற்காலையில் ஜப்ஜி சாகிப் என்ற சீக்கியர்களின் காலைப் பிரார்த்தனையைச் சொல்கிறார், அப்புறம்தான் திருநீறு பூசுகிறார். அதுவும் எனக்குப் புரியவில்லை. நான் கோபப்படுவது தப்பா?

ம.

அன்புள்ள ம.,

தப்பே இல்லை. 'தியாகம்' என்று யாராவது சொன்னதும் அதற்குமேல் பேச்சு நகர்வதில்லை. உறுதிமொழி எடுத்தவர் உங்கள் அப்பா. நீங்களும் அம்மாவும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பியதும், நடு வருடத்தில் புதுப் பள்ளியில் போய் நின்றதும் நீங்கள்தான்.

டேராடூன் ராணுவ அகாடமியின் தொடக்க விழாவில், 1932-ல், தளபதி சேட்வுட் சொன்ன மூன்று வரிகள் அங்கே மண்டபத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் முதலில். உன் கீழுள்ள வீரர்களின் மானமும் நலனும் வசதியும் அடுத்து. உன் சொந்த சுகமும் வசதியும் பாதுகாப்பும் எப்போதும் கடைசி. எங்கே பயிற்சி பெற்றிருந்தாலும் உங்கள் அப்பாவுக்கு இது மனப்பாடமாக இருக்கும். இதில் குடும்பம் எங்கே வருகிறது என்று பாருங்கள். அதற்கென்று தனி இடமே கிடையாது. நல்ல அதிகாரி பலர் மனைவி மக்களையும் 'தன்னுடையது' என்ற கணக்கில் சேர்த்துக் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டார்கள். தன் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது மாதிரி உங்கள் பிறந்தநாளையும் தள்ளிப்போட்டார்கள். உங்கள் அப்பா அதைப் பாசக் குறைவாக நினைத்திருக்கவே மாட்டார். உங்களுக்கு வலித்தது உண்மை.

அந்த வழிபாட்டுக்கு வருகிறேன். நம் ராணுவத்தில் அதிகாரியின் மதம் எதுவானாலும், அவருடைய வீரர்கள் கும்பிடும் இடத்துக்கு அவரும் போவார். சீக்கியப் படைப்பிரிவில் தலையை மூடிக்கொண்டு அவர்களோடு தரையில் உட்காருவார். அங்கே வேதம் ஓதும் கிரந்தியும் அந்தப் படையைச் சேர்ந்தவர்தான். சியாச்சின் அடிவாரத்தில் ஓ.பி. பாபா கோயில் என்று ஒன்று உண்டு, ஓம் பிரகாஷ் என்ற வீரரைக் காவல் தெய்வமாக நம்பிக் கும்பிடும் இடம். பனிமலைக்கு ஏறும் குழு அங்கே நின்று முறைப்படி 'ரிப்போர்ட்' கொடுத்துவிட்டுத்தான் ஏறும். இறங்கியதும் மறுபடி ரிப்போர்ட். அத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அத்தனை பேரையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்ற பாரத்தை எங்காவது இறக்கி வைக்காமல் ஒரு மனிதனால் அந்த உயரத்துக்கு ஏற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் உறவில் ஒருவர் மதராஸ் ரெஜிமென்டில் இருந்தார். கிறிஸ்தவர், படையின் கோயில் பூசையில் முதல் ஆளாக நின்றவர். ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் சர்ச்சிலிருந்து வந்ததும் தனியாக உட்கார்ந்து இரண்டு வீடுகளுக்கு போன் செய்வார். யாருக்கு என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஒரு வருடம் அவர் மகள் கேட்டாள். அவர் அனுப்பித் திரும்பி வராத இரண்டு ஜவான்களின் அம்மாக்கள். அன்றைக்கு மதியச் சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசினார். அவளுக்கு அப்போது வயது முப்பத்தொன்று.

உங்கள் அப்பாவிடம் சண்டையைப் பற்றிக் கேட்காதீர்கள், பதில் வராது. ஆட்களைப் பற்றிக் கேளுங்கள். விடியற்காலையில் அவர் ஜப்ஜி சொல்லும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். அம்மாவும் இருந்தால் நல்லது. முடிந்ததும் யாரை நினைத்துக்கொண்டு சொன்னீர்கள் என்று கேளுங்கள். உங்கள் கோபத்தையும் அவரிடம் அவசியம் சொல்லுங்கள். அன்றைக்கே வேண்டாம், வேறொரு நாள்.

அன்புடன்.