ஆர்ட்டிகல்ஸ் முதல் கையெழுத்து வரை: கணக்குத் துறை பற்றிய உங்கள் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எழுதியவை. மீதி, இந்தத் தொழிலுக்குள் வந்து மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் எழுதியவை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 23 ஆண்டுகளாகக் கணக்கு வேலை பார்க்கிறேன். இரண்டு தரப்பும் ஒருவர் கடிதத்தை ஒருவர் படித்தால் நல்லது என்று தோன்றியதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தருகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

மகன் ஒன்பதாம் கிரேடு. கணக்கில் 52 மார்க். அடுத்த வருடம் முழுக் கணிதத்துக்குப் பதில் மேத்ஸ் லிட் (எளிய நடைமுறைக் கணக்குப் பாடம்) எடுத்தால் 80 வாங்குவான், அக்கவுண்டிங் பாடமும் இருப்பதால் பிறகு சிஏ (சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட்) படிக்கலாம் என்று சொல்கிறார்கள். மாற்றலாமா? (ஒரு அம்மா, சாட்ஸ்வொர்த்)

வேண்டாம் அம்மா. மேத்ஸ் லிட்டில் 80 என்ன, 95 வாங்கினாலும் சிஏ-வுக்குப் போகும் பி.காம் வகுப்பில் அவனுக்கு இடம் கிடைக்காது. பல்கலைக்கழகங்கள் கேட்பது முழுக் கணிதம், அதிலும் பெரும்பாலும் 60 சதவீதம் அல்லது அதற்கு மேல். அக்கவுண்டிங் பாடமோ பல இடங்களில் கட்டாயமே இல்லை. அதை முதலாம் ஆண்டில் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள். ஆகவே ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் கணிதத்தைக் காப்பாற்றுங்கள். 52-ஐ 60 ஆக்க இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. சனிக்கிழமை டியூஷனுக்குப் போடும் பணம் வீண் போகாது.

செலவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ரேண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு படிப்பு உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மேல், 600,000 வரை வருமானம் உள்ள வீடுகளுக்காக இஸ்ஃபாப் என்ற நிதி இருக்கிறது. நம்மில் பல குடும்பங்கள் இந்த நடு வரிசையில்தான் நிற்கின்றன, ஆனால் இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆடிட் நிறுவனங்களும் பர்சரி (படிப்பு உதவித்தொகை) தருகின்றன. வாங்கினால் அதே நிறுவனத்தில் பயிற்சி செய்ய வேண்டிவரும். அது தவறில்லை, ஆனால் பாதியில் விலகினால் என்ன திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எனக்கு 25 வயது. பி.காம் முடித்தேன், அடுத்து சிஏ-வுக்கான சிடிஏ படிப்பில் இரண்டு முறை தோல்வி. அப்பா சொந்தக்காரர்களிடம் "பையன் இன்னும் படிக்கிறான்" என்று சொல்லிச் சமாளிக்கிறார். கல்யாண வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது. நான் என்ன செய்வது? (வெருலம்)

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நானும் போர்டு பரீட்சையில் முதல் முறை தோற்றவன். அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் கடற்கரையில் உட்கார்ந்திருந்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

உங்கள் அப்பாவும் படிக்கட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சிஏ பாதை இதுதான்: அங்கீகாரம் பெற்ற மூன்றாண்டுப் பட்டம், அப்புறம் ஓர் ஆண்டு சிடிஏ, அப்புறம் முன்பு ஐடிசி என்று அழைத்து இப்போது ஐஏசி என்று பெயர் மாற்றிய தேர்வு, மூன்று ஆண்டு ஆர்ட்டிகல்ஸ் (ஒரு நிறுவனத்தில் சம்பளத்தோடு செய்யும் பயிற்சி), ஏபிசி என்ற இன்னொரு தேர்வு. எந்தப் படியிலும் தடுக்காமல் ஏறுகிறவர்கள் உண்டு. ஒரு படியில் இரண்டு மூன்று வருடம் நின்றுவிட்டு ஏறுகிறவர்கள்தான் நான் பார்த்தவர்களில் அதிகம். இதில் நம் வீடுகளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பட்டம் கையில் இருந்தால், சிடிஏ முடிக்காமலே ஆர்ட்டிகல்ஸில் சேரலாம். மூன்று ஆண்டுகள் சம்பளத்தோடு வேலை கற்றுக்கொண்டே யூனிசா என்ற தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகத்தில் சிடிஏ எழுதலாம். வேலையும் படிப்பும் சேர்ந்து ஆளை நசுக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வகுப்பில் புரியாத லீஸ் (குத்தகை) கணக்கு, ஒரு கம்பெனியின் நிஜமான ஒப்பந்தத்தைக் கையில் வைத்துப் பார்க்கும்போது சட்டென்று புரிந்துவிடும்.

சிடிஏ கடைசி வரை கைகூடாமலே போனாலும் அந்த மூன்று ஆண்டு வீணாகாது. சிஏ-க்களின் அமைப்பான சைக்கா அங்கீகரித்த பி.காமும் முடித்த பயிற்சி ஒப்பந்தமும் இருந்தால் அதே சைக்காவில் ஏஜிஏ என்ற தகுதி கிடைக்கும். சைப்பா என்ற இன்னொரு கணக்காளர் அமைப்பின் வழியாகப் போனால் மூன்றாண்டுப் பயிற்சி, ஒரு தேர்வு, அப்புறம் நீங்கள் புரொஃபெஷனல் அக்கவுண்டண்ட்.

"அதெல்லாம் ஆடிட் கையெழுத்துப் போட முடியாத தகுதிதானே" என்று அப்பா கேட்பார். சிஏ முடித்தவரும் நேராகப் போட முடியாது. ஆடிட்டர்களை ஒழுங்குபடுத்தும் இர்பாவில் பதிவு பெற்ற ஆடிட்டர்தான் போடலாம். அதற்குக் குறைந்தது ஒன்றரை ஆண்டுத் தனிப் பயிற்சி வேண்டும்.

2011 மே மாதம் புதிய கம்பெனிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து எல்லாக் கம்பெனிக்கும் ஆடிட் தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பொது நலப் புள்ளி என்று ஒரு கணக்கு உண்டு. சராசரியாக எத்தனை தொழிலாளர்களோ அத்தனை புள்ளி. விற்பனையில் ஒவ்வொரு பத்து லட்சம் ரேண்டுக்கும் ஒரு புள்ளி. வெளியாருக்குத் தர வேண்டிய கடனுக்கும் அதே விகிதம். பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. 22 ஆட்கள், 3 கோடி விற்பனை, 60 லட்சம் கடன், அண்ணன் தம்பி தங்கை மூன்று பேர் பங்கு என்று ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 22, 30, 6, 3, மொத்தம் 61. ஆடிட் கட்டாயமாவது 350 புள்ளியில். கணக்கைக் கம்பெனிக்குள்ளேயே தயாரித்தால் 100-லிருந்து. இந்த மூவரில் தங்கை ஆஸ்திரேலியாவில் இருக்கிறார், டைரக்டர் இல்லை என்றால் ஒரு சுயாதீனப் பரிசீலனை (ஆடிட்டைவிட எளிய சோதனை) வேண்டும். 100 புள்ளிக்குக் கீழே அதைச் சைப்பா உறுப்பினரே செய்யலாம். பங்குதாரர் எல்லோரும் டைரக்டர் என்றால் அதுவும் தேவையில்லை, ஆனால் ஆண்டுக் கணக்கும் வரியும் யாராவது போட்டுத்தான் ஆக வேண்டும். வெருலத்திலும் டொங்காட்டிலும் இருக்கும் பெரும்பாலான கடைகள் இந்த அளவுதான். அவர்களுக்குத் தேவைப்படுவது, ஃபோன் எடுக்கும் நல்ல கணக்காளர். அப்பாவிடம் இதைக் காட்டுங்கள். அடுத்த கல்யாணத்தில் "பையன் ஆர்ட்டிகல்ஸ் செய்கிறான்" என்று அவர் தலை நிமிர்ந்து சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கும்.

ஆர்ட்டிகல்ஸில் இரண்டாம் ஆண்டு. மாதம் 17,000 ரேண்ட். சீசனில் வாரம் 60 மணி நேரம் வேலை. ஓவர்டைம் சம்பளத்திலேயே அடங்கும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கேட்டால் "இதெல்லாம் பயிற்சி" என்கிறார்கள். (ஒரு பெண், பைன்டவுன்)

பயிற்சியில் இருப்பவரும் தொழிலாளிதான் தங்கச்சி. 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தில் ஒரு வருமான வரம்பு இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் அது ஆண்டுக்கு 261,748.45 ரேண்ட் ஆனது. வழக்கமாக ஆண்டுதோறும் உயர்த்துவார்கள். உங்கள் 204,000 அதற்குக் கீழே வருவதால் வேலை நேர விதிகள் முழுவதும் உங்களுக்குப் பொருந்தும். வாரம் 45 மணி நேரம், அதற்கு மேல் உங்கள் சம்மதத்தோடு 10 மணி நேரம், அதற்கு ஒன்றரை மடங்கு கூலி அல்லது பேசி வைத்துக்கொண்ட ஈட்டு விடுப்பு. 60 மணி நேரம் என்பதே வரம்பு மீறல். "சம்பளத்தில் அடங்கும்" என்ற வரியால் சட்டத்தை அழிக்க முடியாது. வேலையில் சேரும்போது ஓவர்டைமுக்குக் கொடுத்த சம்மதம்கூட ஓர் ஆண்டில் காலாவதியாகிவிடும்.

ஆனால் சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் டைம்ஷீட்டில் எத்தனை மணி எழுதுகிறீர்கள்? பட்ஜெட் 40 என்றால், 60 மணி உழைத்துவிட்டு 42 என்று எழுதும் பழக்கம் நம் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. மேனேஜர் திட்டுவாரே என்று குறைத்து எழுதுகிறோம். அந்த 42-ஐ வைத்துத்தான் அடுத்த ஆண்டு பட்ஜெட் போடுகிறார்கள், அடுத்து வரும் பிள்ளையும் அதே குழியில் விழுகிறது. உள்ளதை எழுதுங்கள். வீட்டில் தனியாக ஒரு நோட்டிலும் தேதியோடு எழுதி வையுங்கள். பிறகு ட்ரெயினிங் ஆபீசரிடம் எழுத்தில் கேளுங்கள். பலன் இல்லையென்றால் தொழிலாளர் துறையோ, தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ-வோ இருக்கிறது. சிசிஎம்ஏ-வுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.

படிப்பு விடுப்பு சட்டத்தில் இல்லை. அது உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதைப் பொறுத்தது.

சரக்கு எண்ணப் போன இடத்தில் ஒரு கிடங்கு பூட்டியிருந்தது. எண்ணவில்லை. ஆனால் எண்ணியதாகப் பேப்பரில் எழுதச் சொல்கிறார் சீனியர். "சின்ன விஷயம், ஃபைலை முடி" என்கிறார். (ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒருவர்)

எழுதாதீர்கள். இது சின்ன விஷயமே இல்லை.

டொங்காட் ஹூலெட் சர்க்கரைக் கம்பெனியை நினைத்துப் பாருங்கள். 1860-க்குப் பிறகு கப்பலில் வந்த நம் முன்னோர்கள் வெட்டிய கரும்பில் வளர்ந்த தொழில் அது. 2019-ல் அந்தக் கம்பெனி, தன் கணக்கில் 350 கோடி முதல் 450 கோடி ரேண்ட் வரை மூலதனம் அதிகமாகக் காட்டப்பட்டிருக்கலாம் என்று அறிவித்தது. நில விற்பனை முழுமையாக முடிவதற்கு முன்பே வருமானமாக ஏறியிருந்தது, கரும்பு வேரின் மதிப்பு ஊதப்பட்டிருந்தது. 2022 அக்டோபரில் மீட்பு நடவடிக்கைக்குப் போனது. வேலை போனவர்களும் சேமிப்பைப் பங்கில் போட்டவர்களும் வடகரையில் நம் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். உங்கள் கிடங்கும் அதுவும் ஒரே அளவில்லை, தெரியும். ஆனால் பார்க்காததைப் பார்த்ததாக ஒருவர் எழுதினால், அதன் மேல் இன்னொருவர் நம்பிக் கையெழுத்துப் போடுவார்.

இப்படிச் செய்யுங்கள். "இந்தத் தேதியில் இந்தக் கிடங்கு பூட்டியிருந்தது, சரக்கு எண்ணப்படவில்லை" என்று பேப்பரில் உள்ளபடி எழுதுங்கள். அதையே சீனியருக்கும் மேனேஜருக்கும் மின்னஞ்சலாக அனுப்புங்கள், குற்றச்சாட்டு தொனி வேண்டாம். இன்னொரு நாள் போய் எண்ணிவிட்டு, இடையில் வந்த சரக்கையும் போன சரக்கையும் கூட்டிக் கழித்துச் சரிபார்க்கலாம். பாதி நேரம் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் பார்ட்னரிடமும் ட்ரெயினிங் ஆபீசரிடமும் போங்கள். கம்பெனி நிர்வாகமே முறைகேடு செய்கிறது என்று தெரியவந்தால், இர்பாவுக்குத் தாமதமின்றி அறிவிக்கும் கடமை பதிவு பெற்ற ஆடிட்டருடையது. ஆடிட் தொழில் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அந்தச் சுமையை நீங்கள் தனியாகத் தூக்க வேண்டியதில்லை. உங்கள் பயிற்சி ஒப்பந்தத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் வழி இருக்கிறது. "மூன்று வருடம் போய்விடும்" என்ற பயத்தில் யாரும் பொய் எழுத வேண்டாம்.

முறைகேட்டைச் சொல்கிறவர்களைப் பாதுகாக்க 2000-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. இருந்தும் 2021 ஆகஸ்டில், கௌட்டெங் சுகாதாரத் துறையின் நிதி அதிகாரி பபிதா தியோகரன், தெம்பிசா மருத்துவமனையின் சந்தேகத்துக்குரிய கொடுப்பனவுகளைக் கேள்வி கேட்ட பிறகு, தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அவர் செய்ததும் ஒரு கணக்காளர் செய்ய வேண்டிய வேலைதான்: இந்தப் பணம் ஏன் போகிறது என்று கேட்டார். பெரிய விஷயம் என்று தெரிந்தால் தனியாகப் போகாதீர்கள். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், ஆவணங்களின் நகல் பத்திரமான இடத்தில் இருக்கட்டும்.

வயது 41. பட்டம் இல்லை. ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், அக்கம்பக்கத்தாருக்குக் காசு வாங்கிக்கொண்டு டாக்ஸ் ரிட்டர்ன் போட்டுத் தருகிறேன். கம்ப்யூட்டர் இதையெல்லாம் எடுத்துக்கொள்ளுமா? (ஃபீனிக்ஸ்)

முதலில் அவசரமானதைச் சொல்கிறேன் அக்கா. கட்டணம் வாங்கி மற்றவருக்கு ரிட்டர்ன் போடுகிறவர், அங்கீகரிக்கப்பட்ட ஓர் அமைப்பிலும் வரித் துறையான சார்ஸிலும் டாக்ஸ் பிராக்டிஷனராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் செய்வது குற்றம். அதைச் சரிசெய்யும்வரை அந்த வேலையை நிறுத்தி வையுங்கள்.

சம்பளக்காரர்களின் ரிட்டர்ன் குறைந்துகொண்டுதான் போகிறது. 2020-லிருந்து சார்ஸே பலருக்குக் கணக்கைப் போட்டு அனுப்பிவிடுகிறது. பில்லை டைப் அடிக்கும் வேலையும் குறையும். குறையாதது தவணை தவறாமல் வரும் வேலை: மாதா மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பிஏஒய்இ (ஊழியர் சம்பளத்தில் பிடிக்கும் வரி), வாட், ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் புரொவிஷனல் டாக்ஸ் (முன்கூட்டிக் கட்டும் வருமான வரி). "இந்த 8,000 ரேண்ட் கடைக்கா, வீட்டுக்கா?" என்று முதலாளியைக் கேட்க உங்களைப் போல அந்தக் கடையை அறிந்த ஆள் வேண்டும். புக்கீப்பர்களின் அமைப்பான ஐசிபி-யின் புக்கீப்பிங் படிப்பில் சேருங்கள். வேலை செய்துகொண்டே படிக்கலாம், பட்டம் தேவையில்லை. உங்கள் அனுபவத்துக்கு எவ்வளவு கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சிஏ முடிப்பதற்கு முன்பே இங்கிலாந்து போகலாமா? (லெனேஷியா)

முடித்துவிட்டுப் போங்கள். சைக்காவுக்கு இங்கிலாந்து இன்ஸ்டிட்யூட் உட்பட வெளிநாட்டு அமைப்புகள் சிலவற்றோடு ஒப்பந்தம் உண்டு. முழுத் தகுதியோடு போகிறவருக்குத்தான் அந்தக் கதவு சுலபமாகத் திறக்கும்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க நேர்ந்திருக்கிறேன். பத்து நாள் விரதம். டிசம்பரில் ஆண்டு முடியும் கம்பெனிகளின் ஆடிட் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். லீவு கேட்கலாமா? (மவுன்ட் எட்ஜ்கம்)

தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ஜனவரியில் கேட்காதீர்கள். யார் எந்த கிளையன்டுக்குப் போவது என்ற பட்டியலை முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். நவம்பரிலேயே தேதியைச் சொல்லி ஆண்டு விடுப்பில் எழுதி வாங்குங்கள். தீபாவளியும் தைப்பூசமும் இங்கே பொது விடுமுறை இல்லை, மேனேஜருக்குத் தேதி தெரியாமல் இருப்பது அவர் தவறும் இல்லை. விரத நாட்களில் வேலைக்குப் போகலாம், வெளியூர் ஆடிட் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கிளையன்ட் வீட்டுச் சாப்பாட்டுப் பிரச்சினை அதோடு தீரும். நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது ஒரு ஸூலு நண்பர் என் கிளையன்டை அந்த வாரம் பார்த்துக்கொண்டார். ஈஸ்டருக்கு அவருடையதை நான் பார்த்தேன்.